நொய்யலும் கயபாவின் கணக்கும்

மிகப் பலருக்கு மிகுந்த நலம் தருவதே அறச்செயல் என்றார் ஆங்கிலேய அறிஞர் பெந்தாம். திருப்பூர் மக்களாகிய நமக்கு இக்கணக்குப் புதிதன்று. பனியன் தொழிலால் இலட்சக்கணக்கானோர் உண்டோம்; நம் ஆலயக் காணிக்கையும் அதிலிருந்தே வந்தது. சாயக்கழிவோ நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. சுற்றிலுமிருந்த உழவரின் கிணறுகளும் கெட்டன. அவர்கள் சிலர், நாம் பலர் என்று வாளாவிருந்தோம். அவர்களின் துன்பத்தையும் சேர்த்து எண்ணினாலும் விடை நம் பக்கமே வந்திருக்கும். அதனாலேயே அக்கணக்கை அஞ்சவேண்டும். ஒருவரைப் பலியிட்டு இனத்தைக் காக்க எண்ணிய கயபாவும் இப்படித்தான் கணக்கிட்டார், அவரும் குருவே.

கழிவுநீரை ஆற்றில் விடாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரியில் ஆணையிட்டது. வேலையிழந்தோருக்காகத் திருப்பலியில் மன்றாடினோம். கிணறு கெட்டவர்களுக்காக அதுவரை ஒரு ஞாயிறும் நாம் மன்றாடியதில்லை.