சொல் விளையாட்டு பாவமாகுமா?



செல்போனில் எழுத்துக்களைக் கூட்டிச் சேர்த்து, மறைந்திருக்கும் வார்த்தையைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு நம் வீடுகளில் அநேகமாய் நுழைந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை அதை விளையாடுகிறார்கள். “இது பாவமா, சுவாமி? பாவமென்றால் விட்டுவிடுகிறோம். பாவமில்லையென்றால் எங்களை ஏன் குறை சொல்ல வேண்டும்?” என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொன்னால் ஆத்துமத்துக்கு அதனால் பிரயோசனம் இராது. சற்றுப் பொறுமையாய் யோசிப்போம்.

விளையாட்டைப் பற்றித் திருச்சபையின் சாஸ்திரிகள் கடுகடுப்பாய்ப் பேசினார்கள் என்று நினைப்பது தப்பு. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தமது பெரிய வேதசாஸ்திரத் தொகுப்பில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். உடல் உழைத்தால் இளைப்பாறுவதுபோல, புத்தியும் உழைத்தால் இளைப்பாற வேண்டும். அந்த இளைப்பாற்றியே விளையாட்டு என்கிறார். அளவோடு விளையாடுவதை அவர் புண்ணியத்தோடு சேர்க்கிறார். எப்போதும் சிடுசிடுத்து, பிறருடைய சந்தோஷத்தையும் கெடுக்கிறவனிடம் குறை உண்டு என்றும் எழுதுகிறார்.

அவர் எடுத்துச் சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு. அப்போஸ்தலரான அர்ச். அருளப்பர் ஒரு நாள் தம் சீஷர்களோடு விளையாடிக்கொண்டிருந்தாராம். அதைக் கண்டு சிலர் இடறலடைந்தார்கள். அவர்களில் ஒருவன் கையில் வில் இருந்தது. அருளப்பர் அவனை அம்பு எய்யச் சொன்னார். அவன் பலமுறை எய்தபின், “இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா?” என்று கேட்டார். “வில் முறிந்துபோகும்” என்றான் அவன். மனிதனுடைய மனமும் அப்படித்தான். ஒருபோதும் தளர்த்தாவிட்டால் முறிந்துபோகும் என்றார் அருளப்பர்.

ஆகவே விளையாட்டு தன்னிலே பாவமல்ல. சொல் விளையாட்டும் அப்படியே. நம் முன்னோர் திண்ணையில் உட்கார்ந்து விடுகதை போட்டார்கள். புலவர்கள் சிலேடை பாடினார்கள். நம் வீரமாமுனிவர் சுவாமி 1732-ல் சதுரகராதியைச் செய்து முடித்தது, தமிழ்ச் சொற்களின் மேல் எவ்வளவு ஆசை இருந்தால் கூடிய காரியம்! சொற்களோடு பழகுவது புத்திக்கு நல்லது. எழுத்துப் பிழையோடு எழுதும் பிள்ளை இவ்வகை விளையாட்டால் நாலு சொல் சரியாய்க் கற்றுக்கொண்டால் அதற்கு நான் விரோதியல்ல.

ஒரு விளையாட்டை அவசரப்பட்டுத் தீர்ப்பிடுவதும் அபாயம். குறுக்கெழுத்துப் புதிர் 1913-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி நியூயார்க் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் முதன்முதலாக வெளிவந்தது. 1924-ல் அதே நகரத்து நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, அது காலத்தைப் பாவகரமாய் வீணாக்குவது என்று கண்டித்தது. 1942-ல் அந்தப் பத்திரிகையே குறுக்கெழுத்து வெளியிடத் தொடங்கிற்று. 2022 ஜனவரியில், உலகமெல்லாம் பேசப்பட்ட ‘வேர்டில்’ என்னும் செல்போன் சொல் விளையாட்டை விலைக்கும் வாங்கிற்று!

இந்த வேர்டிலைச் செய்தவர் ஜோஷ் வார்டில் என்ற பொறியாளர். தமக்கு நெருங்கிய ஒருவருடைய பொழுதுபோக்குக்காகச் செய்து, 2021 அக்டோபரில் பொதுவில் விட்டார். அவ்வருஷம் நவம்பர் முதல் தேதி விளையாடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்துக்குள் 3 லட்சத்துக்கு மேல். ஐந்தெழுத்துள்ள ஓர் இங்கிலீஷ் வார்த்தையை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாளைக்கு ஒரே வார்த்தை. எல்லோருக்கும் அதே வார்த்தை. முடிந்ததும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். அவர் வகுத்த இந்த ஒழுங்கில் மிதம் என்னும் புண்ணியத்தின் சாயல் ஒன்று இருந்தது.

அதனால் நன்மை விளைந்ததும் உண்டு. 2022 பிப்ரவரியில், அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கு அருகே தனியாய் வசித்த 80 வயது மூதாட்டியின் வீட்டில் ஒருவன் புகுந்து, அவரை அடைத்து வைத்தான். அந்தத் தாய் தினமும் தம் வேர்டில் விடையை மகளுக்கு அனுப்புவது வழக்கம். அன்று வரவில்லை. தூரத்தில் இருந்த மகள் சந்தேகப்பட்டுப் போலீசாருக்குத் தகவல் கொடுக்கவே, தாய் சேதமின்றி மீட்கப்பட்டார். துபாயில் வேலை பார்க்கும் மகனும் இங்கேயிருக்கும் தாயும் தினம் ஒரு புதிரைப் பரிமாறிக்கொண்டால், அது பிறர்சிநேகத்தின் ஒரு சிறு நூலாக இருக்கக்கூடும். அதை அறுக்க நான் சொல்லமாட்டேன்.

அப்படியானால் ஆபத்து எங்கே? விளையாட்டு, கடமையின் உரிமையைத் தனக்கென்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான்.

கவனித்துப் பாருங்கள். இவ்விளையாட்டுக்களில் பலவற்றில் ‘ஸ்ட்ரீக்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். விடாமல் எத்தனை நாள் விளையாடினீர்கள் என்று அது எண்ணிக் காட்டும். நூறு நாள், இருநூறு நாள் என்று ஏறும். ஒரு நாள் தவறினால் எல்லாம் போய் மறுபடி பூச்சியம். இன்னும் சில விளையாட்டுக்களுக்கு முடிவே கிடையாது. ஒரு கட்டம் தீர்ந்தால் அடுத்தது தானே வந்து நிற்கும், நடுவே விளம்பரம், தடுமாறினால் காசு கொடுத்துக் குறிப்பு வாங்கலாம். இளைப்பாற வந்தவன் இளைப்பாறி எழுந்து போய்விட்டால் அவர்களுக்கு லாபமில்லை.

இதன் பலன் என்ன? இரவு ஜெபமாலைக்குக் குடும்பம் கூடும் நேரத்தில், “இதோ, இன்று போடாவிட்டால் என் கணக்கு போய்விடும்” என்று ஒருவர் மூலையில் உட்காருகிறார். ஜெபம் தவறினால் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், புதிர் தவறக்கூடாது! தகப்பன் ஐந்து எழுத்துக்குள் ஒரு சொல்லைத் தேடி நெற்றியைச் சுருக்குகிறான். பக்கத்தில் மகன் பரீட்சையில் தவறிய சங்கதியைச் சொல்லச் சமயம் பார்த்து நிற்கிறான். கேட்பாரில்லாமல் போய்ப் படுத்துக்கொள்கிறான். அந்தப் பிள்ளைக்குத் தகப்பனிடமிருந்து வேண்டியிருந்தது ஒரு வார்த்தை. அது எந்தக் கட்டத்திலும் இல்லை.

பிரமாணிக்கம் என்பது பரிசுத்தமான காரியம். அது சர்வேசுரனுக்கு உரியது. மெய்விவாகத்தில் புருஷனுக்கும் மனைவிக்கும் உரியது. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உரியது. அதைக் கொண்டுபோய் ஓர் எண்ணுக்குக் கொடுக்கலாமா? எல்லாம் தமக்கு ஆகும். ஆனாலும் தாம் எதற்கும் அடிமையாவதில்லை என்ற கருத்தை அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். நம்முடைய கேள்விக்கு அதுவே அளவுகோல்.

சர்வேசுரன் கணக்கு வைப்பதும் வேறு விதம். சாவான பாவத்தால் மனிதன் தன் பேறுபலன்களை இழந்தாலும், மனஸ்தாபப்பட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்து திரும்பும்போது, அவை மீண்டும் உயிர்பெறுகின்றன என்பது திருச்சபையின் போதனை. ஒரு தவறுக்காக எல்லாவற்றையும் பூச்சியமாக்கி நிறுத்துகிற எஜமான் அல்ல அவர். அப்படிப்பட்ட எஜமானுக்குப் பயந்து ஏன் ஊழியம் செய்ய வேண்டும்?

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில் இது. விளையாட்டு பாவமல்ல. விளையாட்டுக்காகக் கடமையைத் தள்ளுவது பாவம்; தள்ளப்படும் கடமை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய பாவம். ஞாயிறு பூசையை விடுவதும், நோயாளியைக் கவனியாமல் விடுவதும் லேசான காரியமல்ல. இதை மனதில் வைத்து மூன்று ஒழுங்குகளைக் கைக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஜெப நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் செல்போனைக் கையில் எடுக்க வேண்டாம். பெரியவர்கள் முதலில் அனுசரித்தால் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையிராது.

இரண்டாவது, கூடுமானவரை சேர்ந்து விளையாடுங்கள். விடுகதைக்குப் போடுகிறவன் ஒருவன், விடுவிக்கிறவன் ஒருவன் என்று இரண்டு பேர் வேண்டும். செல்போனுக்கு ஒருவனே போதும். புதிரை வாய்விட்டு வாசியுங்கள்; பாட்டியைக் கேளுங்கள்; சின்னவனைக் கேளுங்கள்.

மூன்றாவது, வருகிற வெள்ளிக்கிழமை விளையாடாமல் இருங்கள். வெள்ளிக்கிழமை தவசு நாள் என்பது உங்களுக்குத் தெரியும். இருநூறு நாள் கணக்கு இருந்தாலும் போகட்டும். அன்று மிச்சமாகும் கால்மணி நேரத்தை வீட்டில் யாரோடு பேசாமல் இருக்கிறீர்களோ அவரோடு பேசுவதற்குச் செலவிடுங்கள். சனிக்கிழமை காலையில் பூச்சியத்தைக் கண்டு சிரிக்க முடிந்தால், அது உங்களுக்கு விளையாட்டுத்தான், நிம்மதியாய் விளையாடுங்கள். முடியாமல் போனால், அது விளையாட்டல்ல என்று நீங்களே அறிந்துகொள்வீர்கள்; என்னைக் கேட்க வேண்டியதில்லை.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு