காத்திருக்கும் இடம்

மார்கழி மாதத்து மாலைப்பொழுது. தஞ்சைத் தரணியின் எந்த ஊர் வயல்வெளியை வேண்டுமானாலும் எண்ணிக்கொள்வோம். சம்பாப் பயிர் கதிர் ஈன்று தலைசாய்க்கத் தொடங்கியிருக்கிறது. ஒரு கட்டு மூங்கில் கிட்டிகளைத் தோளில் சுமந்தபடி ஒருவர் வரப்பின்மீது மெல்ல நடந்து வருகிறார். சற்று நடக்கிறார்; நிற்கிறார்; குனிகிறார். ஒரு வளையின் வாயில் குவிந்துள்ள மண்ணை விரலால் தொட்டுப் பார்க்கிறார். ஈரமும் பொலபொலப்பும் மாறாத புதுமண் என்றால் எலி உள்ளே குடியிருக்கிறது. காய்ந்து இறுகிய மண் என்றால் அது கைவிடப்பட்ட வீடு. சாய்வாகக் கத்தரிக்கப்பட்ட தண்டுகள் எந்தப் பக்கம் கிடக்கின்றன, எலி ஓடி ஓடித் தேய்ந்த தடம் பயிருக்குள் எங்கே நுழைகிறது என்பனவற்றையும் பார்க்கிறார். அதன் பிறகே ஒரு கிட்டியை ஊன்றுகிறார்.

'தஞ்சாவூர்க் கிட்டி' என்று வேளாண் நூல்களும் பெயரிட்டு ஏற்றுக்கொண்ட கருவி இது. மூங்கிலை வளைத்து, கயிறு பூட்டி, இரை வைத்து அமைக்கப்படுவது. எலி இரையை இழுத்த கணத்தில் வளைந்த மூங்கில் விடுபட்டு அதன் கழுத்தை நெரிக்கிறது. சொல்லப்போனால் இது அம்பில்லாத ஒரு வில். இந்த வில்லின் வெற்றி அதன் விசையில் இல்லை. அதை வைக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு முழம் தள்ளி வைத்தால் விடியும்வரை வெறுமனே கிடக்கும்.

ஓர் உயிர் வரும் வழியை அறிந்து, அதன் சாவுக்கு இடம் குறிக்கும் இச்செயலில் அறம் சார்ந்த கேள்வி ஏதேனும் உண்டா? எலிக்குப் போய் அறக்கேள்வியா எனச் சிலர் நகைக்கலாம். எனவே எலியைச் சற்று ஒதுக்கிவைத்து, இதே செயலை மானிடத்தில் வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்க நாட்டில் அரசுக்கு உரிய பொதுக்காடுகள் பலவற்றில், உரிமம் பெற்றோர் குறித்த பருவத்தில் வெண்வால் மானை வில்லால் வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது. அங்கும் கலையெல்லாம் இடம் தெரிவதில்தான். மான் மேயும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் இடைப்பட்ட தடத்தைக் கண்டறிய வேண்டும். காற்று மானின் பக்கமிருந்து வேட்டைக்காரரை நோக்கி வீச வேண்டும். மாறி வீசினால் மனித வாடையே மானை எச்சரித்துவிடும். சரிவான நிலத்தில் காலையில் சூடேறிய காற்று மேல்நோக்கி எழும். மாலையில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். இவற்றையெல்லாம் கணக்கிட்டு, ஒரு மரத்தில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் பரண் அமைத்து, அசையாமல் அமர்ந்திருக்கிறார். அம்பு தவறாமல் தைக்க மான் இருபது, முப்பது மீட்டருக்குள் வரவேண்டும். அது பொதுநிலம் என்பதால் மற்றொரு கடமையும் உண்டு. அந்த மரத்தருகே முன்னரே ஒருவர் வந்திருந்தால், பின்னால் வந்தவர் ஓசையின்றி விலகிப் போவதே முறை.

நம் நாட்டில் இவ்வாறு மானுக்காகப் பரண் கட்ட இயலாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடைசெய்கிறது. நமது டெல்டாவின் தென்முனையான கோடியக்கரையில் வெளிமானைக் காப்பதற்காக 1967-லேயே சரணாலயம் அமைந்துவிட்டது. எலியோ மேற்சொன்ன சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், காப்புக்கு உரியதல்லாத தீங்குயிராக நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டது. எனினும் நம் மனத்துக்குள் இருக்கும் அட்டவணை அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை. மானின் சாவு நம்மை வருத்துகிறது. எலியின் சாவு நம் கவனத்துக்கே வருவதில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஓர் உயிர் உண்ணும் இடம், உறங்கும் இடம், அஞ்சும் வாடை ஆகியவற்றை அறிவது அன்புடையோர் செய்யும் செயல். தாய் தன் பிள்ளையை அவ்வாறே அறிகிறாள். அந்த அறிவையே கொலைக்குப் பயன்படுத்துவது வஞ்சகம் ஆகாதா? வள்ளுவர் கொல்லாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்த மண் இது. ஒரு கன்றின் சாவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனின் கதையைத் திருவாரூர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் திரு அவையோ, 1992-ல் வெளியான மறைக்கல்வி ஏட்டின் வாயிலாக, உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்தலாம் என ஒப்புகிறது. ஆனால் தேவையின்றி அவற்றை வருத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரண் எனக் கற்பிக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது, தேவை உண்டா, தேவையற்ற துன்பம் தவிர்க்கப்பட்டதா என்பதே.

தேவை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பொதிப் பருவத்தில் எலி நுழைந்த வயலைக் கண்டவர்கள் அறிவார்கள். கடன் வாங்கி நட்டவரின் ஆறு மாத உழைப்பு சில இரவுகளில் தரையில் சாய்ந்து கிடக்கும். தின்றது சிறிது, வெட்டியது பெரிது என்றபடி அழிவு பரவும். அந்த உழவரிடம் சென்று கொல்லாமையைப் போதிக்க நமக்கு உரிமை இல்லை. நாம் உண்பது அவர் விளைவித்த சோறு.

துன்பத்தைத் தவிர்ப்பதில்தான் வழிகள் பிரிகின்றன. கிட்டி வைப்பவர் எலிக்கு அருகில் செல்கிறார். இன்ன இடத்தில் இன்ன உயிருக்கு என்று குறித்து வைக்கிறார். ஒற்றையடிப் பாதையாகப் பலரும் நடக்கும் வரப்பில் எவர் காலுக்கும் ஊறு நேராதபடி ஒதுக்கி வைக்கிறார். விடியற்காலையில் திரும்பி வந்து, தாம் செய்ததைத் தம் கையாலேயே எடுக்கிறார். மரத்தின்மேல் அமர்ந்த வில்லாளருக்கும் இது பொருந்தும். அம்பு தைத்த மான் ஓடினால், குருதித் தடத்தைப் பின்பற்றிச் சென்று அதன் முடிவைக் காண்பது அவரது கடமை. தாம் விளைத்த சாவிலிருந்து அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது.

நச்சு இரைக்கு இந்தக் கண் இல்லை. நஞ்சுண்ட எலியைத் தின்ற நாயும் பறவையும் மடியலாம். வைத்தவர் அதை அறியவும் மாட்டார். இதனினும் கொடியது, எலிக்கென வயலைச் சுற்றிச் சட்டத்துக்குப் புறம்பாக இழுக்கப்படும் மின்கம்பி. இருட்டில் தண்ணீர் பாய்ச்சச் சென்றவர் அதை மிதித்து மாண்ட செய்திகளை நாளிதழ்களில் நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! சில வேளைகளில் கம்பி இழுத்தவரே அதற்கு இரையாகியிருக்கிறார். மின்கம்பிக்கு எலியென்றும் மனிதனென்றும் வேறுபாடு தெரியாது. யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று அறியாமல் காத்திருப்பதே அதன் கொடுமை.

மூன்றாவதாக ஒரு வழியும் நம் வயல்களிலேயே உண்டு. நீண்ட கழியின் உச்சியில் குறுக்குக் கட்டை கட்டி நடுவயலில் நட்டுவைப்பார்கள். இரவில் கூகை வந்து அதில் அமரும். ஓசையின்றி இறங்கி எலியைக் கவ்விச் செல்லும். மானுக்குப் பரண் கட்டும் அமெரிக்கரைப் போல, நாமும் ஒரு வேட்டைக்காரருக்குப் பரண் கட்டித் தருகிறோம். அதில் அமர்வது மட்டும் நாமல்ல. கூகை உணவுக்காகவே வேட்டையாடுகிறது. ஆனால் அதைக் கெட்ட சகுனம் எனக் கல்லெறிந்து விரட்டுவோரும் நம் ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

கூகைக்கு நேர்வது கிட்டிக்காரருக்கும் நேர்கிறது. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்ததும் இதுவே. பிடித்த எலிக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் அந்த மனிதரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? அவருக்குத் திண்ணையில் இடம் தர மனம் வருகிறதா? அவர் எலிக்கறி உண்பதைக் கேலிப்பொருளாக்காமல் நம்மால் பேச முடிகிறதா? எலி வளையைத் தோண்டி, உள்ளே சேர்ந்திருந்த நெல்லை எடுத்து உலை வைத்த கூலிக் குடும்பங்கள் இம்மண்ணில் வாழ்ந்திருக்கின்றன. நம் விளைச்சலைக் காத்த கையைத் தீண்டத் தயங்கிய நாம், அக்கை காத்த அரிசியைத் தயங்காமல் உண்டோம். கொலையின் பயனை நாம் எடுத்துக்கொண்டு, கொலையின் கறையை மட்டும் அவரிடம் விட்டுவிட்டோம்.

வேட்டைக்காரரின் மனமாற்றத்தைச் சொல்லும் பழங்கதை ஒன்று நம் மரபில் உண்டு. லீஜ் நகர ஆயராகி 727-ஆம் ஆண்டில் மறைந்த புனித ஹூபெர்ட், இளமையில் வேட்டைப்பித்தராய் இருந்தாராம். அவர் துரத்திய கலைமான் ஒருநாள் நின்று திரும்பியது. அதன் கொம்புகளுக்கு இடையே திருச்சிலுவை தோன்றியது. மான் திரும்பி நோக்கியதால் அவர் மாறினார் என்பதே இக்கதையில் நம்மைத் தொடும் செய்தி. அவர் அருகில் இருந்தார். ஆகவே காண முடிந்தது. தொலைவில் இருப்பவருக்கு எந்த மானும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வேட்டையில் இடம் தெரிந்துகொள்வது வேட்டைக்காரர் மட்டும் அல்லர். வளையின் வாயருகே ஓர் இடத்தை அவர் தெரிந்துகொள்கிறார். அவ்விடம் கண்ணில் படாத தொலைவில், சோற்றுத் தட்டின் முன்னே ஓர் இடத்தை நாம் தெரிந்துகொள்கிறோம். அவர் மறைவது எலியின் கண்ணிலிருந்து. நாம் மறைவது நம் மனச்சான்றின் கண்ணிலிருந்து.

கொல்லாமல் வாழ இயலாத உலகில் முழுத் தூய்மையை நாம் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் நம் பொருட்டு நிகழும் சாவுகளின் அருகே சென்று நிற்கலாம். வயலுடையோர் மின்கம்பியை அகற்றி, கூகைக்கு ஒரு கழி நடலாம். கிட்டிக்காரருக்கு உரிய கூலியை உரிய மதிப்போடு கொடுக்கலாம். இன்றிரவு தட்டில் சோறு விழும்போது, பனியில் வரப்போரம் குனிந்திருக்கும் அந்த மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். அவர் இருக்கும் இடத்துக்கும் நாம் இருக்கும் இடத்துக்கும் உள்ள தொலைவு அன்றைக்கேனும் சற்றுக் குறையட்டும்.