நூலும் துணியும், சுருளும் பிரதியும்

வீட்டு விழாக்களை 8 மி.மீ. படச்சுருளில் பதிந்துவைத்த குடும்பங்கள், அச்சுருளைப் புரொஜெக்டரில் ஓட்டி, திரையில் விழும் படத்தை வீடியோ கேமராவால் மீண்டும் பிடிக்கும்போது, மறைந்த முன்னோரின் அசைவே பிரதிக்குள் வந்து சேர்கிறதா, அன்றி அதைப் போன்ற வேறொன்று புதிதாகத் தோன்றுகிறதா என்னும் வினா எழுகிறது. காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள உறவு பற்றி இந்தியத் தத்துவ மரபு நெடுங்காலம் வாதிட்ட வினாவே இது.

அவ்வாதத்தில் வழிவழியாக எடுத்தாளப்படுபவை, பின்னலாடையால் வாழும் திருப்பூருக்கு நன்கு பழகிய நூலும் துணியுமே. காரியம் தன் காரணத்தில் முன்பே அடங்கியுள்ளது, ஆதலால் நூலில் இருந்த துணியே வெளிப்படுகிறது என்பது சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் ஏற்கும் சற்காரிய வாதம். நூலில் இல்லாத புதுப்பொருளே துணி என்பது நியாய வைசேடிகரின் அசற்காரிய வாதம். பனியன் துணியின் வளையங்களைப் பிரித்தால் நூல் மீள்வது முதற்கொள்கைக்குத் துணை நிற்பினும், படப் பிரதிக்கு அது பொருந்தாது. துணிக்குள் நூல் இருக்கிறது, வீடியோவுக்குள்ளோ படச்சுருளின் ஒரு துகளும் இல்லை. கடந்து சென்றது ஒளி மட்டுமே.

அவ்வொளியும் மாறாமல் கடப்பதில்லை. சட்டகம் எனப்படும் தனிப்படங்கள் வினாடிக்கு 18 வீதம் ஓடும் சூப்பர் 8 சுருளை, மூன்று இதழ் ஷட்டர் 54 முறை ஒளிரச் செய்கிறது. இந்தியாவில் வழங்கிய பால் (PAL) முறை வீடியோ, ஒன்றுவிட்ட வரிகளாலான அரைச்சட்டகங்களை வினாடிக்கு 50 வீதம் பதிவதால், இரண்டும் இசையாமல் படம் மினுக்குகிறது. புரொஜெக்டரின் வேகத்தை 16⅔ சட்டகமாகக் குறைத்தால் ஒளிர்வு 50 ஆகி மினுக்கம் நீங்கும். ஆனால் ஒரு நிமிட நிகழ்வு ஏறத்தாழ 65 வினாடியாக நீள்வதோடு, வீடியோவின் மூன்று சட்டகங்களுள் ஒன்றில் அடுத்தடுத்த இரு கணங்கள் கலந்து, எவரும் படம்பிடிக்காத ஒரு தோற்றம் உண்டாகிறது.

பொருள்கள் கணந்தோறும் அழிந்து பிறக்கின்றன என்னும் கணபங்கக் கொள்கையுடைய பௌத்தர், ஒரு விளக்கிலிருந்து மற்றொன்றை ஏற்றுவதுபோல் எதுவும் இடம்பெயராமலே தொடர்ச்சி உண்டாகும் என்பதை ‘மிலிந்த பஞ்ஹா’வில் விளக்கினர். அருணந்தி சிவாச்சாரியார் ‘சிவஞான சித்தியார்’ பரபக்கத்தில் பௌத்தரை விரிவாக மறுத்தார்; எனினும் நிலைத்த உயிர் என ஒன்றில்லாத படப் பிரதிக்குப் பௌத்தரின் விளக்கமே பொருந்துகிறது. பிரதி மூலத்தின் தொடர்ச்சியே அன்றி மூலம் அன்று. ஆகவே வீடியோ கைக்கு வந்ததும் சுருளை எறிதல் தவறு. புழுக்கத்தில் அசிடேட் சுருள் புளிநாற்றம் கொண்டு சிதையும் ஆதலால், அதனைக் குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் பேணுதல் வேண்டும்.