யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரமே வைத்த மொழி நம்முடையது. பெற்ற உதவியை மறக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு அது இன்னும் அழுத்தியே சொல்லப்படுகிறது. அதனால் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது: உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டிய ஒன்று உதவியாகக் கிடைத்தால், அதற்கும் ஒருத்தி நன்றி சொல்லத்தான் வேண்டுமா?

சக்கர நாற்காலியில் கல்லூரிக்கு வரும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். வகுப்பு முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை, சாய்தளமும் இல்லை. வகுப்புத் தோழர்கள் நான்கு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஏற்றும்போது ஒரு நன்றி, இறக்கும்போது ஒரு நன்றி. ஒருநாள் அதில் ஒருவனுடைய கை படக்கூடாத இடத்தில் படுகிறது. அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? “உதவ வந்தவனைப் போய் இப்படிச் சொல்கிறாளே” என்பார்கள். அதைவிட, நாளைக்கும் அவள் மாடி ஏற வேண்டும். இங்கே நன்றி நற்பண்பாக இல்லை, வாயை அடைக்கும் துணியாக இருக்கிறது.

சாய்தளமும் லிஃப்டும் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘வசதிகள்’ என்றே பேசப்படுகின்றன. பெண்ணுக்கு அவை அதைவிடப் பெரிய பொருள் கொண்டவை. தன் உடம்பை யார் தொடலாம் என்று முடிவு செய்யும் உரிமையை அவை அவளுக்குத் திருப்பித் தருகின்றன.

வாசிப்பிலும் இதே கதைதான். பார்வையற்ற மாணவி படிக்க வேண்டுமானால் ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும் என்றிருந்த காலத்தில், வாசிப்பவரின் நேரமும் பொறுமையும்தான் அவளுடைய பாடத்திட்டம். புரியாத வரியை நான்காவது முறை வாசிக்கச் சொல்லத் தயக்கம். வீட்டுக்குத் தெரியக்கூடாத ஒரு கடிதத்தை யாரிடம் கொடுத்து வாசிப்பது? திரையில் உள்ளதைக் குரலாக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்கள் வந்தபோதும் அவற்றின் விலை மாணவர்களுக்கு எட்டவில்லை. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கிய என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது. தமிழும் வாசிக்கும். நள்ளிரவில் ஒரே வரியைப் பத்து முறை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாது, யாரிடமும் போய்ச் சொல்லாது.

ஆனால் மென்பொருள் மட்டும் போதாது. பக்கத்தைப் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைக் கொடுத்தால் அது மௌனமாகிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடக்குறிப்பு நம் கண்ணுக்குத்தான் தமிழ். அதில் ‘அம்மா’ என்ற சொல், கணினிக்கு ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. குறிப்பை யூனிகோடில் தருவதற்குத் துறைக்குச் செலவே இல்லை. தராவிட்டால், யாரோ ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும்.

அந்த ‘யாரோ’ யார்? பெரும்பாலும் ஒரு தோழி, இல்லையென்றால் தங்கை. கழிப்பறைக்கு அழைத்துப்போக வகுப்பு முடியும்வரை வராந்தாவில் காத்திருப்பவர் அம்மா. தேர்வில் சொல்லச்சொல்ல எழுதும் ஸ்க்ரைபைத் தேடி அலைவதும் வீட்டுப் பெண்களே. மத்திய அரசின் 2018 தேர்வு வழிகாட்டுதல்கள் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தரச் சொல்லியிருந்தன. ஸ்க்ரைபைத் தானே அழைத்து வருவதா, தேர்வு நடத்துபவரிடம் கேட்பதா என்பதை மாணவரின் விருப்பத்துக்கு விட்டன. நடைமுறையில் காதில் விழுவதோ, “நீயே ஆள் கூட்டிக்கொண்டு வா.” குடும்பத்தின் அன்பு என்று நாம் கணக்கெழுதுவதில் பெரும்பகுதி, கல்லூரி செய்யாமல் விட்ட செலவு. அந்தச் செலவைப் பெண்கள் தங்கள் நேரத்தால் கட்டுகிறார்கள். கடன்பட்டவளாக நிற்பவள் மட்டும் மாணவி.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்களாவது ஒதுக்கச் சொல்கிறது. தேவையான, நியாயமான மாற்றங்களைச் செய்ய மறுப்பதையும் அது பாகுபாடு என்றே வரையறுக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு தேர்வர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீத ஊனம் இல்லை என்று காட்டி ஸ்க்ரைபை மறுக்க முடியாது என 2021-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

‘யாரையும் சாராமல் வாழ்வதே சுதந்திரம் அல்லவா?’ என்று ஒருவர் கேட்கலாம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு. போலியோவால் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எட் ராபர்ட்ஸ் 1962-இல் அங்கே சேர்ந்தார். அவருடைய மூச்சு எந்திரத்துக்கு விடுதியில் இடமில்லாததால் வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அவரைப் போன்ற மாணவர்கள் சேர்ந்து 1970-இல் தங்களுக்கான சேவை அமைப்பைத் தொடங்கினார்கள். உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும், சரிப்படாதவரை நீக்குவதும் மாணவரின் கையில் இருந்தது. அவர்களுக்குச் சுதந்திரம் என்பது எல்லாவற்றையும் தானே செய்வதல்ல. யார், எப்போது, எப்படிச் செய்ய வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்வது. இந்த வரலாற்றிலும் ஒரு தாய் இருக்கிறார். கார் ஓட்டும் பாடமும் உடற்பயிற்சியும் முடிக்கவில்லை என்று எட்டுக்குப் பள்ளிச் சான்றிதழ் மறுக்கப்பட்டபோது, நிர்வாகத்தோடு போராடியவர் அவருடைய அம்மா ஸோனா ராபர்ட்ஸ்.

எல்லாமே உரிமையானால் மனிதருக்குள் ஈரம் வற்றிவிடும் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுக்க முடியாத இடத்தில் சொல்லும் நன்றி, கந்துவட்டிக்குக் கட்டும் தவணை போன்றது. லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில்தான் அந்த மாணவி தோழர்களோடு சண்டை போடலாம், சிரிக்கலாம், “இன்றைக்கு நீ வர வேண்டாம்” என்றும் சொல்லலாம். நட்பு அப்போதுதான் தொடங்குகிறது.

எனவே அடுத்த முறை உங்கள் தோழிக்காகக் குறிப்பைத் தட்டச்சு செய்ய உட்காரும்போது, தட்டச்சு செய்யுங்கள். அவளுக்கு நாளைக்குத் தேர்வு. முடித்ததும் இருவருமாகத் துறைத் தலைவரிடம் போய், அடுத்த பருவத்துக்கான குறிப்புகளை யூனிகோடில் எழுதிக் கேளுங்கள். மனுவின் கடைசியில் வழக்கமாக எழுதும் ‘மிக்க நன்றியுடன்’ என்ற வரி வேண்டுமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.