உடைந்த பிறகு யாருடையது?

போடிநாயக்கனூரில் ஜீப்புக்கு வயது கிடையாது. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு போடிமெட்டு மலையில் வளைந்து வளைந்து ஏறுகிற ஜீப்புகளைப் பாருங்கள். ஓட்டுகிற பையனைவிட மூத்த ஜீப்பும் அதில் இருக்கும். கிளட்ச் போனால் கிளட்ச், பட்டை ஒடிந்தால் பட்டை. எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் மறுபடி மலை ஏறிவிடும்.

அதே ஜீப்பில் போகிற ஏலக்காய் பறிக்கும் அம்மாவின் கையில் இருக்கிற செல்போனுக்கு இந்த யோகம் இல்லை. ஈரப் பாறையில் ஒருதரம் நழுவினால் போச்சு.

“டிஸ்ப்ளேயோட மாத்தணும்க்கா.”

“கண்ணாடி மட்டுந்தானே தம்பி உடைஞ்சிருக்கு?”

நியாயமான கேள்வி. ஆனால் மேல் கண்ணாடியையும் அடியில் படம் காட்டும் திரையையும் பசை போட்டு ஒரே உடம்பாக ஒட்டித்தான் போன் வருகிறது. சூடேற்றி, மெல்லிய கம்பியால் அறுத்துக் கண்ணாடியை மட்டும் பிரிக்கலாம். அதற்கு மிஷின் வேண்டும், பழகின கை வேண்டும். கொஞ்சம் பிசகினால் உள்திரையும் காலி. அதனால் மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். பழைய போன் என்றால், திரையின் விலையும் போனின் இன்றைய மதிப்பும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கும்.

இத்தனைக்கும் அது சாதாரணக் கண்ணாடி இல்லை. 2007-ல் ஐபோன் வந்தபோது கார்னிங் நிறுவனம் கொடுத்த வகை. உருகிய பொட்டாசிய உப்பில் கண்ணாடியை முக்கி வைப்பார்கள். சின்ன சோடிய அயனிகள் வெளியேற, அந்த இடத்தில் பெரிய பொட்டாசிய அயனிகள் நெருக்கியடித்து உட்காரும். டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலு பேர் மாதிரி. அந்த நெரிசல்தான் அதன் பலம். ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதானே?

உடைவது குற்றமில்லை. உடைந்த பிறகு அந்தப் பொருள் யாருடையது என்பதுதான் கேள்வி.

அம்மி தேய்ந்தால் கொத்துவதற்குத் தெருவில் ஆள் வருவார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச இன்னொருவர். அம்மி செய்தவரிடமே திரும்பப் போ என்று யாரும் சொன்னதில்லை. காசு கொடுத்தபோதே அம்மி நம்முடையதாகிவிட்டது. போன் அப்படி ஆவதில்லை. 2021-ல் ஐபோன் 13 வந்த புதிதில், வெளிக்கடையில் திரையை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கிற வசதி வேலை செய்யாமல் போனது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே ஆப்பிள் அதைச் சரிசெய்தது. விற்ற பிறகும் சாவியின் ஒரு நகலைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொள்கிற வீட்டுக்காரர் மாதிரி!

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒல்லியாக வேண்டும், தண்ணீர் புகக் கூடாது என்று கேட்டது நாம்தான். ஒட்டினால்தான் அது முடியும். போலித் திரைகளும் சந்தையில் நிறைய. எல்லாம் சரி. ஆனால் ஒட்டுவதற்கு முன், பிரிப்பது எப்படி என்றும் யோசித்திருக்கலாமே? அந்த அலட்சியத்தின் செலவு எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஒருவருக்கு அது ஒரு ஓட்டல் பில். இன்னொருவருக்கு எத்தனையோ நாள் மலை ஏறி இறங்கின கூலி.

சட்டங்கள் மெதுவாக விழித்துக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் முதல், புதிதாகச் சந்தைக்கு வரும் போன் மாடலுக்கு, விற்பனையை நிறுத்திய பின்னும் 7 வருஷம் உதிரி பாகம் கிடைக்க வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக 2022-ல் குழு அமைத்தது, இணையதளமும் திறந்தது. எந்தப் போனை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மார்க் போடுகிற யோசனை 2025-ல் அரசுக்கு அறிக்கையாகவே போயிருக்கிறது.

உடைந்த கண்ணாடியில் முகம் பார்க்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். இப்போதோ எத்தனையோ பாட்டிகள் செல்லோடேப் ஒட்டின கீறலுக்கு நடுவில்தான் வெளியூர்ப் பேரன் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அடுத்த தடவை போன் வாங்கப் போகும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று விசாரிக்கிறோம் இல்லையா? அதோடு, “கண்ணாடி உடைஞ்சா எவ்வளவு ஆகும், எங்க செய்வாங்க?” என்றும் கேளுங்கள். கடைக்காரர் முழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் மேலே கேட்பார்.