பாயில் ஓர் இடம்

மாதத்தின் முதல் ஞாயிறு. திங்கட்கிழமைக் கல்யாணம் ஒன்றுக்காகச் சாத்தான்குளம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தேன். வீட்டார் மண்டப வேலையாக விடியுமுன்பே கிளம்பிவிட்டார்கள். தெருமுனை ஆலயத்தில் முதல் மணி அடித்தது. அந்த ஊர்களில் முதல் மணி கேட்டால் குளித்துத் தயாராக வேண்டும். இரண்டாம் மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன், தேவாரம் கேட்டு வளர்ந்தவன். ஆனாலும் இரண்டாம் மணி அடித்தபோது சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தேன்.

ஆலய வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. நானும் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளே இடப்பக்கம் பெண்கள், முந்தானையால் தலையை மூடியிருந்தார்கள். வலப்பக்கம் ஆண்கள். நீளப் பாய்கள் விரித்திருந்தார்கள். எங்கே உட்காருவது, எப்போது எழுவது, கையைக் கூப்பலாமா, ஒன்றும் தெரியவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு இந்தத் தயக்கம் அபூர்வமாகத்தான் வருகிறது. நமக்குப் பழகிய இடங்களுக்கு மட்டுமே போய்ப் போய், புதியவனாக நிற்பது எப்படி இருக்கும் என்பதையே மறந்துவிடுகிறோம்.

கடைசிப் பாயில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஒரு சாண் நகர்ந்து, காலியான இடத்தைக் கையால் தட்டினார். “இங்கன இருங்க தம்பி.” அவ்வளவுதான். எந்த ஊர், என்ன சாதி, எந்தச் சபை என்று எதையும் கேட்கவில்லை.

ஆராதனை தொடங்கியதும் பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தமக்கும் நடுவில் விரித்து வைத்தார். வரிக்கு வரி விரல் நகர்ந்தது. பாவ அறிக்கையின்போது எல்லாரும் முழங்காலிட்டார்கள். நான் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லாரும் எழுந்தபோது நானும் எழுந்தேன், ஆனால் வாய் திறக்கவில்லை. நம்பாத ஒன்றைச் சபையோடு சேர்ந்து சொல்வது அவர்களையும் ஏமாற்றுவது, என்னையும் ஏமாற்றிக்கொள்வது. அதற்காக வேடிக்கை பார்க்க வந்தவன்போல் சுவரில் சாய்ந்துகொண்டிருப்பதும் சரியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இருக்கை உண்டு. மரியாதையோடு எழலாம், மரியாதையோடு அமரலாம், கவனமாகக் கேட்கலாம். பிறர் வழிபாட்டில் விருந்தாளியின் கடமை அதுதான் என்று அன்று எனக்குப் புரிந்தது.

பிரசங்கம் முடிந்து சற்று நேரத்தில் ‘சமாதானம்’ வந்தது. ஊரார் ஐயர் என்று அழைக்கும் சேகரகுரு, பீடத்தருகே இருந்தவருக்கு முதலில் கொடுத்தார். அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு. பாய் பாயாக அது பின்னால் வந்துகொண்டிருந்தது. என்னோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். பெரியவர் என் பக்கம் திரும்பி வலது உள்ளங்கையை என் வலது உள்ளங்கையோடு சேர்த்தார். இடது கையால் என் கையை மூடினார். என் இடது கையும் தானாகவே அவர் கைமேல் போய் அமர்ந்தது. “சமாதானம்” என்றார். காய்த்துப்போன, கதகதப்பான கை. அடுத்திருந்த பையனுக்கு அதை நான் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ஒரு மணி நேரம் முன்புவரை யாரென்றே தெரியாதவனான என் கை வழியாகத்தான் அந்தச் சமாதானம் அவனுக்குப் போயிற்று.

இந்த வழக்கம் வந்த கதையைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்ந்த சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஒன்றிணைந்து, அந்த ஆலயமும் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபை ஆயின. ஒருவர் வழிபாடு மற்றவருக்குப் புதிது. 1950-ல் அவர்கள் ஒரு பொது நற்கருணை ஆராதனை முறையை வகுத்தபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டிலிருந்து கையோடு கைசேர்த்துச் சமாதானம் வழங்கும் வழக்கத்தை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களே ஒருவர்க்கொருவர் புதியவர்களாக இருந்த காலத்தில் தேடி எடுத்த வழக்கம் அது.

நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்தார்கள். அது எனக்கானதல்ல, நான் அமர்ந்திருந்தேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டு, பாட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தார். “பாத்துக்கிடுங்க தம்பி, வந்துருதேன்.” அந்தப் பாயில் களவு போக எதுவும் இல்லை. கண்ணாடியை அவர் பையிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கலாம். எல்லாரும் போகும்போது ஒருவன் தனியே உட்கார்ந்திருப்பான், அவனுக்கும் ஒரு வேலை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பத்து நிமிடம் அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குக் காவல் இருந்தேன். அவ்வளவு கண்ணியமான இடத்தை எனக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை.

ஆராதனை முடிந்ததும் வெளியே காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். நாட்டுக்கோழி முட்டை, ஒரு தேங்காய்க் குலை, முருங்கைக்காய்க் கட்டு. முருங்கைக்காயை நான் எடுத்தேன். “வெளியூர்க்காரருக்கு விட்டுக் கொடுங்க” என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு மேல் யாரும் கேட்கவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி இருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பெருநகரத்து ஆலயம் ஒன்றில், நான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து என்னை எழுப்பினார்கள். அது ஒரு குடும்பம் வழக்கமாக உட்காரும் வரிசையாம். அன்று முழுவதும் நான் கேட்ட பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட மனதில் நிற்கவில்லை. அது எனக்கு ஒரு நாள் கசப்பு. இந்த மண்ணின் சபைகளுக்குள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கசப்பை விழுங்கியவர்கள் உண்டு. ஒரே கூரையின் கீழ் சாதிக்கொரு பக்கமாக அமர்ந்த காலம் இருந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே அடியோடு விட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பியபோது, தஞ்சையில் பலர் சாதியைப் பிடித்துக்கொண்டு சபையை விட்டு விலகினார்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்னும் பிரிந்தே கிடக்கிறது. நம் கோயில்களின் கதையை நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நான் தங்கியிருந்த சிற்றூருக்கு அருகில்தான் முதலூர். இன்று மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்பெற்ற ஊர். 1799-ல், மதம் மாறியதற்காகத் துன்புறுத்தப்பட்டு வீடிழந்தவர்கள் குடியேற, உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் நிலம் வாங்கி உண்டாக்கியது. அந்த வட்டாரத்தின் முதல் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவக் குடியிருப்பு, அதனால் முதலூர். இடமில்லாதவர்களுக்கு இடம் கொடுத்துத் தொடங்கிய வரலாறு அந்த மண்ணுக்கு உண்டு. பெரியவர் பாயில் ஒரு சாண் நகர்ந்தது அந்த வரலாற்றின் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது.

ஒரு சமயத்தின் பெருமையை அதன் கோபுர உயரத்திலோ, பாட்டின் இனிமையிலோ நான் இனிமேல் தேடமாட்டேன். வாசலில் தயங்கி நிற்பவனுக்கு உள்ளே இருப்பவர் எவ்வளவு நகர்ந்து இடம் தருகிறார் என்பதைப் பார்ப்பேன். இதை அறிய ஒரு முறையாவது நாம் தயங்கி நிற்பவராக இருந்து பார்க்க வேண்டும். உங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு வழிபாட்டு இடத்துக்கு ஒரு நாள் போய், கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் உங்கள் கோயிலிலோ, ஆலயத்திலோ, பள்ளிவாசலிலோ புதியவர் ஒருவர் வந்து நின்றால், ஒரு சாண் நகர்ந்து கொடுங்கள்.