கைதட்டாத அடியார்கள்

அரங்கமே ஆடிக்கொண்டிருக்கிறது. பாவாடை விரிய வட்டமிடுகிறவர்கள், கண்ணை மூடி இரு கையையும் உயர்த்தியவர்கள், முன்பின் தெரியாதவர் தோளில் சாய்ந்து அழுகிறவர்கள். அத்தனை பேருக்கும் நடுவில், ஒலிக்கலவை மேசைக்குப் பின்புறம், உயரமான கம்புகளின் நுனியில் மைக்குகளைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள் சிலர். அவர்கள் ஆடுவதில்லை. கூடப் பாடுவதில்லை. உயிரை உருவி எடுக்கிற மாதிரி ஒரு சுரம் வந்து விழுந்தாலும் கைதட்டுவதில்லை. தட்டினால் அந்த ஒரு சத்தம் ஜெர்ரி கார்சியாவின் கிதாரை நாடாவில் மூடிவிடும். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கண் மட்டும் கேசட் டெக்கின் அளவு முள் மேல்.

கிரேட்ஃபுல் டெட் எனக்குக் கிடைத்தது இவர்களால்தான். பாடியவர்களுக்கும் என் வணக்கம் உண்டு. ஆனால் முதல் வணக்கம் இந்தக் கைதட்டாத அடியார்களுக்கு.

1965-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியில் கூடிய குழு அது. 1995 ஜூலை 9 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் கடைசியாக வாசித்தது. அடுத்த மாதம் கார்சியா போய்விட்டார். இடையில் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள். நேற்று பாடிய வரிசையை இன்று பாட மாட்டார்கள். நேற்று ஏழு நிமிடம் ஓடிய பாட்டு இன்று இருபது நிமிடம் போகும், நாளை நடுவழியில் வேறொன்றாக மாறிவிடும். ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்ளாத பாதையில் ஆறு பேர் கைகோத்து நடந்து பார்ப்பதுதான் அவர்கள் இசை. ஸ்டுடியோ ஆல்பங்களைக் கேட்டு இந்தக் குழுவை எடைபோடாதீர்கள் (1970-இல் வந்த இரண்டு மட்டும் விதிவிலக்கு. அவற்றின் முன் நான் வாதாட மாட்டேன்). தெய்வம் இறங்கியது மேடையில்தான். அதுவும் எல்லா இரவும் இறங்கியதில்லை. சில இரவுகள் சோம்பலாக, சுருதி விலகி, சொல் மறந்து போயிருக்கின்றன. எந்த இரவில் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதால்தான் எல்லா இரவையும் பிடித்துவைக்க வேண்டியிருந்தது.

ஆரம்ப ஆண்டுகளில் மைக்கைத் தொப்பிக்குள்ளும், பதிவுக் கருவியைக் கோட்டுக்குள்ளும் ஒளித்துக் கொண்டுபோனார்கள். வேறு குழுவாக இருந்தால் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள். இங்கேயும் சில காலம் தள்ளுமுள்ளு இருந்தது. ஆனால் கார்சியாவின் கருத்து தெளிவு: நாங்கள் வாசித்து முடித்தபின் அது கேட்டவர்களுடையது. அவரே இளம் வயதில் புளூகிராஸ் இசைக்காரர்களைத் தேடிப் போய் ஒலிப்பதிவு செய்தவர். அந்தப் பித்து அவருக்குத் தெரியும். 1984 அக்டோபரில் பெர்க்லி நகர அரங்கில் பதிவாளர்களுக்கென்றே தனியாக இடம் ஒதுக்கி, தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள். டேப்பர் பகுதி என்று பெயர். காசு கொடுத்து வாங்கவேண்டிய ஒன்றை இப்படிக் கூப்பிட்டு அள்ளிக் கொடுத்த குழு அந்நாளில் அரிது.

அடியார்கள் அதற்குக் கட்டிய நியாயம் இன்னும் அழகு. நாடாவை விற்கக் கூடாது. உங்களிடம் ஒன்றும் இல்லையா? வெற்றுக் கேசட்டையும் திரும்பி வருவதற்கான தபால் தலையையும் அனுப்புங்கள், பதிந்து அனுப்புவார் முகம் தெரியாத ஒருவர். நீங்கள் அடுத்தவருக்குப் பதிந்து கொடுங்கள். ஒருவர் ஐந்து பேருக்கு, ஐவர் இருபத்தைந்து பேருக்கு என்று கிளை விடும். ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் சற்றுக் கூடும். இது எத்தனையாவது தலைமுறை என்றுதான் முதலில் கேட்பார்கள். முதல் தலைமுறை கையில் இருப்பவருக்கு அந்த வட்டத்தில் இருந்த மரியாதையை நான் பெரிய வித்வான்களுக்கும் பார்த்ததில்லை.

நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கார்சியா இல்லை. நண்பர் ஒருவர் கொடுத்த கேசட் எத்தனையாவது தலைமுறையோ, பாட்டுக்கு முன்னால் இரைச்சல்தான் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். 1986 மார்ச் 20, வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கொலிசியம் என்று உறையில் பேனாவால் எழுதியிருந்தது. குழுவின் பாஸ் கிதார் கலைஞர் ஃபில் லெஷ் 'பாக்ஸ் ஆஃப் ரெய்ன்' பாடுகிறார். அது என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. சாகக் கிடந்த தந்தைக்குப் பாடிக்காட்ட வேண்டுமென்று லெஷ் மெட்டமைத்து, ராபர்ட் ஹண்டர் சொல் எழுதிக் கொடுத்த பாட்டு. 1973-க்குப் பிறகு மேடையில் வராமலே போயிற்று. ஏறத்தாழ 13 ஆண்டுகள். வரும் வரும் என்று இளைஞர்கள் நடுவயதுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அன்றைக்கு எந்த அறிவிப்பும் இல்லாமல் அந்த முதல் ஸ்வரக்கோவை எழுகிறது. ஒரு நொடி கூட்டத்துக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு வருகிறது பாருங்கள் ஒரு சத்தம்! கூச்சலா அது, அழுகையா, சிரிப்பா, மூன்றும் சேர்ந்து கூரையில் மோதித் திரும்புகிறது. குழுவின் ஒலி அதில் மூழ்கிப் போகிறது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஒலிக்கலவை மேசையிலிருந்து நேராக எடுத்த பதிவு துல்லியமாக இருக்கும், ஆனால் அதில் கூட்டம் எங்கோ தூரத்து ஓசை. அரங்கின் நடுவே கம்பு நட்டவர் எடுத்ததில்தான் அந்த மகாசத்தம் முழுசாக இருக்கிறது. நான் எப்போதும் இரண்டாவது கட்சி. துல்லியம் வேண்டுமென்றால் ஆல்பம் வாங்கிக்கொள்ளலாமே. எனக்கு அந்த ஜனங்கள் வேண்டும். இன்னொன்றையும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தத்துக்குள்ளே ஒருவர் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். 13 ஆண்டுக் காத்திருப்பு அவருக்கும்தானே? அவர் கத்தாததால் அல்லவா நான் கேட்கிறேன்!

அதே ஹாம்ப்டன். 1989 அக்டோபர். கூட்டம் நெரிபடாதிருக்கத் தங்கள் பழைய பெயரான வார்லாக்ஸ் என்பதை விளம்பரத்தில் போட்டு இரண்டு நாள் வாசித்தார்கள். இரண்டாம் நாள், 9-ஆம் தேதி, 'டார்க் ஸ்டார்'. 1984-க்குப் பிறகு முதல் தடவை. இந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1968-இல் இசைத்தட்டில் வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. மேடையில் அரை மணி நேரம் விரிந்தது. நம் காதுக்கு ஹரிகாம்போதியின் சுரங்கள். பல்லவி என்று ஒன்று பேருக்கு இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டு வெளியேறினால் எங்கே போவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. கார்சியா ஒரு சொற்றொடரை வைப்பார், லெஷின் பாஸ் கிதார் அதற்கு ஆமாம் போடாமல் குறுக்கே இன்னொன்றை வைக்கும், பாப் வியர் இரண்டுக்கும் நடுவில் எதிர்பாராத ஒரு கார்டைச் செருகுவார். தாளம் கரையும். சுருதிகூடக் கரையும். பயமாக இருக்கும் சில நேரம். எல்லாம் தொலைந்தது என்று நீங்கள் கைவிடும் இடத்தில் அந்தப் பழைய சொற்றொடர் எங்கிருந்தோ மெல்ல வந்து நிற்கும். அப்பனே! அந்த ஒரு கணத்துக்காக எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் தொலைந்து போகலாம்.

பதிவோடு நின்றுவிடவில்லை இந்தத் தொண்டு. எந்த நாள், எந்த ஊர், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று குறித்து, நினைவோடு நினைவை ஒத்துப் பார்த்துத் திருத்தி, 1987-இல் 'டெட்பேஸ்' என்று தடித்த புத்தகமாகவே போட்டுவிட்டார்கள் ரசிகர்கள். பிறகு பதிப்பு மேல் பதிப்பு. வெளியாள் புரட்டினால் ரயில்வே அட்டவணை போலத் தோன்றும். நான் அதைப் பாராயணம் செய்கிறவன். பாட்டுப் பெயர்களுக்கிடையில் அங்கங்கே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். முதல் பாட்டு நிற்காமல் அடுத்ததற்குள் போயிற்று என்று பொருள். அந்த அம்பைக் கண்டாலே எனக்கு நாவூறும். 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' அம்பு 'ஃபயர் ஆன் த மவுண்டன்'. இரண்டாவது பாட்டில் இருப்பது இரண்டே கார்டுகள். முதல் பாட்டு எந்த நொடியில் தீர்ந்து இரண்டாவது எந்த நொடியில் பிறந்தது என்று விரல் வைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம். நூறு தடவை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாதிருக்கட்டும்.

அந்த அம்பின் உச்சம் 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால் என்பார்கள். மே மாதத்தில் வெளியே பனி பெய்த இரவு. அந்தப் பதிவு குழுவின் ஒலிப்பொறியாளர் பெட்டி கேன்டர் ஜாக்சனுடையது. அவர் காதும் கையும் எப்படிப்பட்டதென்றால், கண்ணை மூடினால் மேடையில் யார் எங்கே நிற்கிறார் என்று காட்டிக்கொடுக்கும் பதிவு. பின்னாளில் அவருக்குக் கையிருப்பு வற்றி, நாடாச் சுருள்களை வைத்திருந்த கிடங்கின் வாடகை நின்றுபோய், 1986-இல் அத்தனையும் ஏலத்தில் போயிற்று. கரையான் புற்றுக்குள் சுவடியைக் கண்ட தில்லைக் கதை கேட்டு வளர்ந்தவனுக்கு இங்கே நெஞ்சு பதறாதா? நல்லவேளை, வாங்கியவர்களிடமிருந்து நாடாக்கள் ரசிகர்கள் கைக்கு வந்தன, நகலாகி ஊரெல்லாம் பரவின. கார்னெல் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. முறையான வெளியீடு 2017-இல்தான் வந்தது. அதாவது அரசு பொக்கிஷம் என்று முத்திரை குத்தியபோது கடையில் அது கிடைக்காது, அடியார்களிடம் மட்டும் இருந்தது! அன்றைய 'மார்னிங் டியூ'வின் இறுதியில் கார்சியா தந்திகளை விசிறிபோல் மீட்டி மீட்டி ஏற்றிக்கொண்டே போவாரே, அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எழுத வராது. கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அடியார்களில் ஒருவர் கருவறைக்குள்ளேயே போனார். டிக் லட்வாலா, ஹவாயில் இருந்துகொண்டு நாடா சேர்த்த வெறும் ரசிகர். குழு அவரையே தன் ஆவணக் காப்பாளராக வைத்துக்கொண்டது. 1993 முதல் அவர் தேர்ந்த இரவுகள் 'டிக்ஸ் பிக்ஸ்' என்று இசைத்தட்டுகளாக வந்தன. 1999-இல் அவர் காலமான பின்னும் தொடர்ந்து, மொத்தம் 36 தொகுதிகள்.

நம் பக்கத்து வாசனையும் இதில் இல்லாமல் இல்லை. தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட் 1967-இல் தபலா வித்வான் அல்லா ரக்காவைக் கண்டு மயங்கியவர். அவர் சேர்ந்த பின் குழு 'தி இலெவன்' என்று பதினோரு அட்சரத்தில் ஒரு பாட்டு வாசித்தது. தகிட தகிட தகிட தக என்று கையில் போட்டுப் பாருங்கள், உட்கார்ந்துவிடும். பின்னால் அவருடைய 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு நம் விக்கு விநாயக்ராமின் கடமும் ஒலித்தது. உலக இசைக்கான முதல் கிராமி விருது அதற்குத்தான்.

கூட்டத்தில் காது கேளாதவர்களும் வந்தார்கள் என்றால் நம்புவீர்களா? ஊதிய பலூனை இரு கையாலும் ஏந்தி, அதன் அதிர்வில் பாட்டைப் பெற்றுக்கொண்டார்கள். இன்னொரு சிறு கூட்டம், இந்த இசையையே வழிபாடாகக் கொண்டு சபை அமைத்து, அரங்கின் நடைகளில் மணிக்கணக்கில் சுழன்றது. கார்சியாவுக்குத் தன்னைத் தெய்வமாக்குவது கட்டோடு பிடிக்காது. அவர் பிடிக்காது என்றது எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. வழிபட வேண்டியது அவரையல்ல, ஆறு பேருக்கும் நடுவில் யாருடையதும் இல்லாமல் எழுந்த அந்த ஒன்றை.

முப்பது ஆண்டுகளில் பெரும்பாலான தேதிகளுக்கு ஏதோ ஒரு ஊரில் ஒரு கச்சேரி இருக்கிறது. அந்தந்தத் தேதிக்கு உரியதை அன்றன்று கேட்பது எங்கள் நித்திய பூசை. ஆகஸ்ட் 27-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1972, ஆரெகன் மாநிலத்தின் வெனீட்டா. நொடித்த ஒரு பால் பண்ணைக்கு நிதி திரட்டத் திறந்த வெளியில் வாசித்தார்கள். தயிர் டப்பா லேபிளில் அச்சிட்ட டிக்கெட். கொளுத்தும் வெயிலில் கிதார்கள் சுருதிக்கு நிற்க மறுக்கின்றன, தண்ணீர் தட்டுப்பாடு, பாதிக் கூட்டத்தின் மேல் துணியே இல்லை. பொழுது சாய்கிற வேளையில் 'டார்க் ஸ்டார்' தொடங்கி அரை மணி நேரம் அண்டத்தின் விளிம்புவரை கூட்டிக்கொண்டு போகிறது. இனித் திரும்ப முடியாது, நட்சத்திரமும் இல்லை, பெயரும் இல்லை என்று இருக்கும்போது, பாப் வியர் கொஞ்சமும் வெட்கமில்லாமல் 'எல் பாசோ'வை எடுப்பார். குதிரையும் துப்பாக்கியும் காதலுமாக ஒரு பச்சைக் கௌபாய்ப் பாட்டு! விண்ணிலிருந்து தொப்பென்று மதுக்கடை வாசலில் விழுவோம். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிடுகிறேன். என் வீட்டில் மைக் கிடையாது, கைதட்டவும் தடை இல்லை.